கடைசித் தடத்துக் கறை

ஃபிலிமின் கடைசித் தடத்தில் லேசாக ஒரு கறை விழுந்திருந்தது.

மஹ்விஷுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அடையாறு ஆராய்ச்சிக்கூடத்தில் இரண்டு வருடமாக அவள் துரத்துவது ஒரே ஒரு புரதத்தை. புற்றுக்கட்டிக்குள் இருக்கும்வரை கொழுத்துக் கிடக்கும். கட்டியை வெட்டியெடுத்துக் கொஞ்ச நேரத்தில் சிதைந்துவிடும். ஆபரேஷன் தியேட்டர் வாசலிலிருந்து ஐஸ் பெட்டியோடு கூடத்து உதவியாள் பொன்ராஜ் ஆட்டோவில் பறந்து வந்தாலும், அவள் அரைத்து, பிரித்து, ஃபிலிமில் பதிப்பதற்குள் எல்லாம் போய்விடும். மாதிரிக்கு ஒன்றாகக் கறுப்புப் பட்டை விழவேண்டிய தடங்கள் வெளேரென்று அவளைப் பார்த்து இளிக்கும். இந்த முறையும் விழாவிட்டால் கடையைக் கட்டவேண்டியதுதான் என்று அவளுடைய வழிகாட்டி அனந்தராமன் சொல்லிவிட்டார்.

கடைசித் தடம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. அதில் நோயில்லாதவர் ரத்தம் போகும். அங்கே எல்லோரும் செய்வதுபோல அவளும் தன் கையில் ஊசி குத்தித்தான் எடுத்துக்கொள்வாள். அந்த ரத்தத்தில் இந்தப் புரதத்துக்கு வேலையே இல்லை.

குழாயைச் சரியாகக் கழுவவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி செய்தாள். தன் ரத்தத்தை நடுத்தடத்துக்கு மாற்றினாள். கறையும் நடுவுக்கு வந்தது, இன்னும் கறுப்பாக.

அனந்தராமன் ஃபிலிமை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். "கையில சுத்தம் இல்லேன்னா இப்படித்தாம்மா வரும்."

அவளுக்கு அழுகை முட்டியது. வீம்புக்குப் பொன்ராஜின் ரத்தத்தையும் கேட்டு வாங்கித் தன்னுடையதற்குப் பக்கத்திலேயே வைத்து ஓட்டினாள்.

அன்று சாயங்காலம் இருட்டறைக்குள் புளித்த மருந்து வாடை மூக்கைத் துளைக்க, மூலையில் குளிர்பெட்டி முனகிக்கொண்டிருக்க, சிவப்பு விளக்கின் கீழே புரதங்கள் ஒட்டியிருந்த சவ்வுத்தாளில் மருந்தை ஊற்றினாள். புரதம் இருக்குமிடம் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மினுங்கும், அந்த மினுக்கம்தான் ஃபிலிமைக் கறுக்க வைக்கும். ஃபிலிமை எடுக்கப் போகையில் கரண்ட் போனது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. குளிர்பெட்டியின் முனகலும் நின்றது.

கும்மிருட்டு. தாளில் புற்றுக்கட்டிகளின் தடங்கள் தெரியவில்லை. பொன்ராஜின் தடமும் தெரியவில்லை. அவளுடையது மட்டும் வெளிறிய நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

கையில் அழுக்கில்லை. குழாயிலும் அழுக்கில்லை. இத்தனை நாள் கிடைக்கவில்லையே என்று அவள் அழுத புரதம் அவளுக்குள்தான் இருந்தது.

தாளை ஒளி புகாத ஃபிலிம் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

வெளிச்சம் போகவில்லை.

சுவர் தெரிந்தது. பாட்டில்கள் தெரிந்தன. எங்கிருந்து?

குனிந்து பார்த்தாள். துப்பட்டாவுக்கு அடியில். இடது மார்புக்கு மேலே. நீலம். கூடிக் குறைந்தது. கூடிக் குறைந்தது. அவள் நெஞ்சு அடித்துக்கொள்ளும் வேகத்தில்.

"மேடம்," வெளியே பொன்ராஜின் குரல். "கரண்டு இன்னும் வரலியே. உள்ள இன்னா வெளிச்சம்? கதவு சந்துல தெரியுது."

மஹ்விஷ் நெஞ்சை இரண்டு கைகளாலும் அழுத்தி மூடினாள். கைகளுக்குள் எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.