பதுங்குகுழி வெட்டுகிறவர்கள்

படத்தில் மேஸ்திரியின் பிரம்பு காலையில் ஓங்கியபடி இருந்தது. சாயங்காலம் ஈஸ்வரி பார்த்தபோது பாதி இறங்கியிருந்தது.

ராமநாதபுரத்தில் சஃபீர் பாய் நடத்தும் லாட்ஜில் வரவேற்பு மேசை அவள் பொறுப்பு. மேசைக்குப் பின்சுவரில் போன வாரம்தான் பாய் அந்தப் பழைய செய்தித்தாள் சித்திரத்தைக் கண்ணாடி போட்டு மாட்டினார். உலகப்போர்க் காலத்து இதே தெரு. குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ளக் கூலியாட்கள் பதுங்குகுழி வெட்டுகிறார்கள். பிரம்போடு மேஸ்திரி மேலே நிற்க, அத்தனை பேரும் வளைந்த முதுகோடு சிரிக்கிறார்கள். கீழே, ‘மகிழ்ச்சியுடன் உழைக்கும் நம் மக்கள்’ என்று அச்சடித்திருந்தது.

“எங்க அய்யாவும் மண்ணு வெட்டுனவருதான் பாய். ஒருநாளும் சிரிச்சுக்கிட்டு வெட்டுனதில்ல” என்று மாட்டிய அன்றே சொல்லிவிட்டாள். பாய் மழுப்பினார்.

பிரம்பு இறங்கிய அன்று இருட்டும் நேரம் மழை பிடித்து, கரண்ட் போய், வாசலில் நின்ற ஆட்டோக்களும் கிளம்பிவிட்ட பிறகு, பினாயில் போட்டுத் துடைத்த தரையிலிருந்து ஈர மண் வாடை எழும்பியது. அதற்கும் அடியில் பலபேர் நெருக்கியடித்து நின்றால் வருகிற வேர்வை வாடை. கூடவே மண்வெட்டி கல்லில் உரசும் ஓசை, விட்டு விட்டு, சுவருக்குள்ளிருந்து. செல்போன் டார்ச்சைப் படத்தின் மேல் அடித்தாள். ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. எல்லா வாய்களும் அலறத் திறந்திருந்தன.

பாய்க்குப் போன் போட்டுச் சொன்னாள்.

“பூட்டிட்டு வீட்டுக்குப் போம்மா. அந்தப் படத்த வித்த ஆளு சொன்னாரு, நாந்தான் நம்பல. அந்த மேஸ்திரி குனியச் சொன்னா குனிஞ்சிரு. ஒண்ணும் பண்ண மாட்டானாம்.”

“குனியவா?”

சிக்னல் போய்விட்டது.

“குனி.”

காதோரம். காகிதம் கசங்குவது போல.

முதுகில் ஏதோ அழுத்தியது. கழுத்து தானாக இறங்கியது. வாசல் திறந்துதான் கிடந்தது. ஓடியிருக்கலாம். ஆனால் பண்ணை வீட்டு வாசலில் அய்யா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து நின்ற கோலம் கண்ணுக்குள் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, எலும்பு எலும்பாக நிமிர்ந்தாள்.

“மாட்டேன்டா.”

பிரம்பு காற்றைக் கிழித்தது. தோளில் விழுமுன் எட்டிப் பிடித்தாள். ஈரம். மை.

பிடித்த விரல்களில் தோல் இல்லை. கறுப்புக் கோடுகள். பேனாவால் குறுக்கும் நெடுக்குமாய் இழுத்த கோடுகள். மணிக்கட்டைத் தாண்டி ஏறின. வலிக்கவில்லை. பிரம்பை விட்டால் கோடுகள் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

“குனி.”

“இழுலே, பாப்போம்.”

மண்வெட்டி ஓசை நின்றது. கண்ணாடிக்குள்ளிருந்து கூலியாள் ஒருவனின் கை நீண்டு, அவள் கைக்குப் பக்கத்தில் பிரம்பைப் பற்றியது. வெறும் கோடாய் ஒரு கை. இன்னொன்று. இன்னும் ஒன்று.

கோடுகள் கழுத்துக்கு வந்தன.

ஈஸ்வரி பிடியை இறுக்கினாள்.