நூற்றுப் பன்னிரண்டு படிவங்கள்

எழுபத்தாறாம் வருஷம், ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கல்பாத்தியிலிருந்து பாகீரதி என்ற கல்லூரி ஆசிரியை எலப்புள்ளிக்கு வந்து பழனிச்சாமியின் வீட்டைத் தேடிப் பிடித்தாள். முப்பது வருஷம் பத்திரம் எழுதி ஓய்ந்தவர் பழனிச்சாமி. பொய்க் கையெழுத்து என்று சந்தேகம் வந்தால் வக்கீல்களே அவரிடம்தான் தாளை நீட்டுவார்கள். அவருடைய மைத்துனன் அர்த்தநாரி கஞ்சிக்கோட்டு ஆலையில் ஃபிட்டர். லீவு கிடைத்தால் மச்சானின் பின்னால் கிளம்பிவிடுவான். குற்றவாளியைத் தானே முதலில் பிடித்துவிட வேண்டும் என்பது அவனுடைய பல நாள் ஆசை.

பாகீரதி ஒரு பெரிய காகிதக் கட்டை மேஜைமேல் வைத்தாள்.

"நாலு வருஷமா டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்றேன். தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகள் ஏன் காலேஜ் வரைக்கும் வரதில்லைங்கறது விஷயம். ஏலப்பாறையில நூத்திப்பன்னெண்டு குடும்பத்துக்கு ஃபாரம் கொடுத்தேன். பதிலை அந்தந்த ஆத்துக் குழந்தைகளே எழுதினா. இப்போ என் பேராசிரியர் ஃபாரமெல்லாம் பார்க்கணும்னார். நான் மூணு வாரம் திருவனந்தபுரத்துல லைப்ரரியில இருந்தேன். அப்பாதான் கட்டித் தபால்ல அனுப்பினார்."

"அப்பறமுங்க?" என்றார் பழனிச்சாமி.

"எல்லாம் என் கையெழுத்துல இருக்காம். ஆத்துல உக்காந்து நானே கற்பனையா எழுதினேனாம். வெள்ளிக்கிழமைக்குள்ள விளக்கம் வரலேன்னா ஆய்வேட்டைத் தள்ளிடுவேன்னு கட்டைத் திருப்பி அனுப்பிட்டார். என் எழுத்து மாதிரியேதான் இருக்கு, சார். ஆனா நான் எழுதலை."

பழனிச்சாமி தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். சுத்தமான தாள்கள். ஒரே மை. உச்சியில் பிள்ளையார் சுழி. அதன்கீழ் முத்து முத்தான எழுத்து. நாற்பதாவது தாளில் செபமாலையம்மாள் என்ற பெயரைப் பார்த்துச் சற்று நின்றார். கடைசிக் கட்டமான 'ஆய்வாளர் குறிப்பு' எல்லாத் தாளிலும் காலியாக இருந்தது.

"உங்க கையை விட்டு இது வேற யார்கிட்டப் போச்சுங்க?"

"டைப் அடிக்கற சுருளிவேல்கிட்ட ரெண்டு நாள் இருந்தது. அப்புறம் ஆத்துலதான்."

அர்த்தநாரி துள்ளினான். "அவனேதானுங்க மச்சான்! இப்பவே போய்ப் புடிச்சரலாமா?"

"மொதல்ல அம்மிணி ஊட்டுக்குப் போலாம், மாப்பிள்ளை. சட்டையைப் போடு."

கல்பாத்தி வீட்டின் வாசற்கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. பிள்ளையார் சுழிக்குக் கீழே, 'பகல் இரண்டு முதல் நான்கு வரை கதவைத் தட்ட வேண்டாம்' என்று எழுதியிருந்தது. மணி மூன்று. அர்த்தநாரி தட்டிவிட்டுத்தான் படித்தான்.

கதவைத் திறந்தவர் பாகீரதியின் தகப்பனார் லட்சுமிநாராயணன். எழுபது வயதிலும் முதுகு வளையாத மனிதர்.

"துப்பறியறவா வந்து நிக்கற அளவுக்கு இந்த ஆத்துப் பேர் தாழ்ந்து போயிடலை" என்றார் மகளிடம்.

"கட்டு மாறிருக்கேப்பா. என் பட்டம் போயிடும்."

"பட்டம் இல்லாம இந்தக் குடும்பத்துல யாரும் பட்டினி கிடக்கலை."

அர்த்தநாரி உட்காரும்போது பெஞ்சியிலிருந்த செய்தித்தாள் நழுவி அவன் காலடியில் விழுந்தது. கிழவர் குனிந்து அதை எடுத்து, கண்களில் ஒற்றிக்கொண்டு, மடித்து அலமாரியில் வைத்தார். "எழுத்துக் கடுதாசியை மிதிக்கப்படாது, ஓய்." அர்த்தநாரிக்குக் காது சுட்டது.

பழனிச்சாமி பாகீரதியின் பழைய நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் பதில்களையும் அவள் அதில் பட்டியல் போட்டிருந்தாள். ஒரு மணி நேரம் நோட்டையும் படிவங்களையும் ஒத்துப் பார்த்தார். அதற்குள் அர்த்தநாரி இரண்டு காபி குடித்துவிட்டான்.

"சுருளிவேல்தானுங்களே?" என்றான் மெதுவாக.

"ரெண்டு நாள்ல இத்தனையும் எழுத முடியுமா? அதுவும் டைப்பு அடிக்கறவன் கையில எதுக்கு எழுதறான், மாப்பிள்ளை?" பழனிச்சாமி கண்ணாடியைக் கழற்றினார். "அம்மிணிக்குப் பகையாளி இதைச் செய்யலைங்க. பகையாளின்னா பதிலை மாத்தியிருப்பான். இதுல ஒரு பதில்கூட மாறலை. காணாமப் போனது கடைசிக் கட்டம் மட்டுந்தான். அதுல என்ன எழுதியிருந்தீங்க?"

பாகீரதி தகப்பனாரைப் பார்க்காமல் சொன்னாள்: "தோட்டத்துக் கூலிக்காரா குடியிருக்கற எந்த லயத்துல உக்காந்து பேசினேன், யாராத்துல சாப்பிட்டேன், எங்கே தங்கினேன்... அதெல்லாம்."

"அந்தக் குறிப்பு யாருக்கு உறுத்துமோ அவர்தான் நகல் எடுத்தவரு. மூணு வாரம் கட்டு யார் கையில இருந்துதோ அவர். எல்லாத் தாள்லயும் பிள்ளையார் சுழி இருக்குது. சர்ச்சுக்குப் போற வேதக்காரங்களான செபமாலையம்மாள் ஊட்டுத் தாள்லயும் இருக்குது. அந்த ஊட்டுப் பிள்ளை அதைப் போட்டிருக்காது. அம்மிணி நோட்டுல ஒரு பக்கத்துலயும் இல்லை. வாசக்கதவுல இருக்குது." குரலைத் தாழ்த்தினார். "சாமி, அம்மிணிக்குக் கைபுடிச்சு எழுதப் பழக்குனது நீங்கதானுங்களே?"

அர்த்தநாரி எழுந்தே விட்டான். பாகீரதி தகப்பனார் பக்கம் திரும்பினாள்.

"பழசை எரிச்சிருக்க மாட்டீங்க. கீழ விழுந்த பேப்பரையே கண்ணுல ஒத்துனவரு நீங்க" என்றார் பழனிச்சாமி.

பிறகு லட்சுமிநாராயணன் பூஜையறைக்குள் போய், துண்டில் சுற்றிய ஒரு கட்டைக் கொண்டுவந்து வைத்தார். மழையில் ஊறி உப்பிய தாள்கள். தேயிலைக் கறை, புகை வாடை, நூற்றுப் பன்னிரண்டு விதமான கோணல் எழுத்து.

"பேராசிரியரோட ஆம்படையா இந்தத் தெருப் பொண்ணு" என்றார். "இவ எஸ்டேட் டாக்டர் ஆத்துல தங்கினாள்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். லயத்துல சாப்பிட்டாள், படுத்துண்டாள்னு எழுத்துல போனா, நாளைக்குத் தெரு முழுக்கப் பேசாதா? மிஞ்சிக் கிடந்த ஃபாரத்துல நகல் எடுத்தேன், பதிலை நான் தொடலை. குறிப்பை மட்டும் விட்டேன். மானத்துக்காக."

"உங்க மானத்துக்கு என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டேளே, அப்பா." அவள் குரல் உயரவில்லை. "லயத்துல சாப்பிட்டேன், நிஜம். கற்பனையா எழுதலை, அதுவும் நிஜம். ஒண்ணை மறைச்சா இன்னொண்ணும் போயிடறதே."

அர்த்தநாரி மேலாகத் தனியே வைத்திருந்த தாளை எட்டிப் பார்த்தான். கடைசிக் கட்டத்தில் இருந்தது: 'இங்கே தங்கினேன். நல்ல மழை. வீட்டில் ஒரே பாய். செபமாலையம்மாள் அதை எனக்கு விரித்துவிட்டு அடுப்போரம் உட்கார்ந்தே விடியவைத்தாள். மகள் எட்டாவதோடு நின்றவள். என் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.'

"அதைப் படிச்சுட்டுத்தான் நகல்ல விட்டேன்" என்றார் கிழவர். இம்முறை அவர் குரல் கொஞ்சம் பிசிறியது.

ஒரு கைதாவது நடக்கும் என்று வந்த அர்த்தநாரிக்கு இப்போது எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

லட்சுமிநாராயணன் இரண்டு கட்டுகளையும் சேர்த்துத் துண்டில் முடிந்தார். "தபால் வேண்டாம். நாளைக்கு முதல் வண்டியில நானே போறேன். நகல் எடுத்தது நான், ஏன் எடுத்தேன், எல்லாம் பேராசிரியர் முன்னால எழுதிக் கையெழுத்துப் போடறேன்."

"சாட்சி கேட்டா, அப்பா?"

"செபமாலையம்மாளைக் கூப்பிடச் சொல்றேன். ஏலப்பாறையிலேருந்து வரவா அன்னிக்கே திரும்ப முடியாது. இங்கேதான் தங்கணும், பொண்ணையும் கூட்டிண்டு." முதுகை நிமிர்த்திக்கொண்டார். "ஒருத்தர் ஆத்துல சாப்பிட்டுட்டு, அவாளுக்கு இலை போடாத குடும்பம் இல்லை இது."