காலிக் கட்டங்கள்

டெக்சாஸின் இர்விங் ரயில் நிறுத்தத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கூரைக்கு அடியில் ஓடி வந்தவள் நேராக அவன் தோளில் மோதினாள். அவள் கையிலிருந்த, ஆய்வுப் போஸ்டரைச் சுருட்டி வைத்த குழல் உருண்டு தண்ணீரில் விழுந்தது.

“தூண் மாதிரி வழியில நிக்கிறான் பாரு...” யாருக்குப் புரியப்போகிறது என்று தமிழிலேயே முணுமுணுத்தாள்.

“தூணுக்கும் தமிழ் தெரியும்ங்க.”

குனிந்து எடுத்துக் கொடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். இமையில் மழைத்துளி தொங்கும் அந்தக் கண்கள்... ரிதா! நாலு வருஷமாக அவன் மறக்கப் பார்த்த கண்கள்.

“ஜுஹைர்...?”

ஜுஹைர் புள்ளியியல்காரன். முன்பு நியூ ஜெர்சியில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தான். சோளத்துக்கு உரம் போட்டுப் பார்ப்பவர், இதய டாக்டர், பழைய பானை ஓடு தோண்டுகிறவர் எல்லாரும் அவரவர் எண்களைச் சுமந்து வந்து அவன் மேஜையில் இறக்குவார்கள். மொழியியல் படித்த ரிதாவும் அப்படித்தான் வந்தாள். பக்கத்திலிருந்த பார்சிப்பனி ஊரில் வீடு வீடாகப் போய், அம்மா தமிழில் கேட்டால் பிள்ளைகள் எந்த மொழியில் பதில் சொல்கிறார்கள் என்று பதிந்திருந்தாள். அட்டவணையில் பல கட்டங்கள் காலி. மற்றப் பிள்ளைகளின் பதிலை வைத்துக் கணக்கிட்டு, அவளைக் கேட்காமலே நிரப்பிவிட்டான். அவன் தொழிலில் அது அன்றாட வேலை.

“அந்தப் பிள்ளைங்க வாயே தொறக்கல ஜுஹைர். தலைய குனிஞ்சுக்கிச்சுங்க. அதுவும் பதில்தான்!”

“காலியா விட்டா நான் என்ன ஜோசியமா பாக்குறது?”

“அதத்தானே பாத்து வச்சிருக்கீங்க!”

எண்களோடு காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவனுக்குச் சுருக்கென்றது... ஆனால் அவள்மேல் மனசு போனதும் அந்த நிமிஷத்தில்தான்.

பிறகு ஒரு சாயங்காலம், கார் நிறுத்துமிடத்தில் கேட்டான். “உங்க வீட்ல வந்து பேசட்டுமா?”

ரிதா தலை குனிந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

“சரி... புரியுது,” என்று காரைக் கிளப்பினான். அவள் அழைத்தபோதெல்லாம் போனை எடுக்கவில்லை. ரோஷம்! டெக்சாஸில் வேலை கிடைத்ததும் சொல்லாமல் வந்துவிட்டான்.

இப்போது குழலைத் துடைத்தபடி ரிதா சிரித்தாள். “இதுலயும் அதே பிள்ளைங்கதான். பேசாததுங்கள தனி வகையா எடுத்துட்டேன். நாளைக்கு இங்க மாநாட்ல வைக்கிறேன். தைரியமா வந்து பாக்கலாம், திட்ட மாட்டேன்.”

“அன்னிக்கு நீங்க சொன்னதுதான் சரி. இப்பல்லாம் யார் டேட்டா கொண்டுவந்தாலும், இது ஏன் காலின்னு கேட்டுட்டுத்தான் தொடுறேன்.”

“என்கிட்ட கேக்கலையே...”

சிரிப்பு போய்விட்டது அந்தக் குரலில்.

“ஆமான்னு சொல்லத்தான் நின்னேன் ஜுஹைர். வெக்கமா இருந்துச்சு, வாய் வரல. நிமிர்றதுக்குள்ள உங்க கார் ரோட்டுக்குப் போயிருச்சு. அத்தாகிட்ட அதுக்கு முன்னாடியே சொல்லி வச்சிருந்தேன். ‘எங்கேம்மா அந்தக் கணக்குக்காரப் பையன், வரவே இல்லையே’ன்னு... கண்ண மூடி மௌத்தாகுற வரைக்கும் கேட்டாரு.”

நாள் முழுக்க மூட்டை தூக்கினவனைப்போல அவன் தோள் தொய்ந்தது. ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் போதுமே... அவள் தகப்பனாரின் கையைப் பிடித்து ஒரு சலாம் சொல்லியிருக்கலாமே!

ரயில் வந்து கதவைத் திறந்தது. அவள் ஏறவில்லை.

“தப்புப் பண்ணிட்டேன் ரிதா. உங்க பதிலையும் நானே நிரப்பிட்டேன். அதுக்கப்புறம் மனசுல வேற யாரும் வரல... இப்ப கேக்கலாமா? என்னை கட்டிக்கிறீங்களா?”

அவள் தலை குனிந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

ரயில் போயிற்று. மழை சரிந்து அவன் முதுகை நனைத்தது. அவன் அசையவில்லை... தூண் மாதிரி நின்றான்.

“ஆமா,” என்றாள் ரிதா கடைசியில். கண் நிறைந்து வழிந்தது. “இத அத்தா கேட்டிருக்கணும் ஜுஹைர்...”