ஒரு கரண்டி குறைந்த வட்டிலப்பம்

மூடிக் கட்டிய ஃபொயில் தாள் எங்கும் கிழியவில்லை. நூல் முடிச்சும் அவிழவில்லை. ஆயினும், ஓவனிலிருந்து எடுத்த வட்டிலப்பத்தின் ஓரத்தில் ஒரு கரண்டியளவு குறைந்திருந்தது. நன்றாக வெந்து உறைந்தபின் அள்ளிய குழி. வழவழப்பான, அவசரமற்ற குழி.

"என்ன புள்ள இது?" மாமி பஹ்மியா குசினி வாசலில் நின்றாள். "நோன்போட களவாத் திண்டியா?"

"அல்லாட சத்தியமா நான் தொடல்ல மாமி," என்றாள் நிம்றா.

"ஸ்கேன்ல புள்ள ஒண்டுதான்டு டொக்டர் சொன்னாரு. நீ ரெண்டு புள்ளக்கித் திங்கிற மாதிரி ஈக்கி!"

அது நோன்பு மாதத்தின் முதல் வெள்ளி. ஐந்து மாதச் சிசுவைச் சுமந்த நிம்றாவுக்கு மார்க்கம் விலக்களித்திருந்தது, மருத்துவர் எச்சரித்திருந்தார், மாமி மட்டும் இரங்கவில்லை. இந்த வீட்டு மருமகள் நோன்பை விட்டாளென்று வெள்ளவத்தை பேசக்கூடாதாம்! ஊர்வாய்க்கு அஞ்சி ஒரு கருவின் வாயை அடைக்கத் துணிந்த வீடு அது. கணவன் ஷிப்லியோ, "இந்த மாசம் மட்டும் சமாளிங்க, உம்மாவோட எனக்குக் கதைக்க ஏலா," என்றதோடு தன் கடமையை முடித்துக்கொண்டான்.

அவனுடைய முதல் மனைவி பர்ஸானாவும் அப்படித்தான் சமாளித்தாள். ஏழு மாதக் கர்ப்பத்தில், நோன்பு திறக்கப் பத்து நிமிடம் இருக்கையில், இதே ஓவனின் முன்னால் சுருண்டு விழுந்தாள். தாயும் வயிற்றுப் பிள்ளையும் ஒரே கபுறுக்குழிக்குள் போனார்கள். "அவட ஆயுசு அவ்வளவுதான்," என்றாள் மாமி. மிஞ்சியது, குடும்பத்து வட்டிலப்பச் செய்முறையைப் பர்ஸானா எழுதிவைத்த கொப்பி: கித்துள் பாணி, தேங்காயின் முதற்பால், முட்டை, ஏலம், சாதிக்காய். அடியில் மாமியின் கட்டளை, பர்ஸானாவின் கையெழுத்தில், தாளே கிழியுமளவுக்கு அழுத்தி: நோன்போடு நுனிநாக்கிலும் வைத்துப் பார்க்கக் கூடாது.

இரண்டாம் வெள்ளி செய்த வட்டிலப்பத்திலும் ஒரு கரண்டி குறைந்தது.

மூன்றாம் வெள்ளி, அஸர் தொழுகைக்குப் பின் கடற்பக்கம் கறுத்து மழை இறங்கியது. நிம்றா ஓவனின் கண்ணாடிக்கு நேரே கதிரையைப் போட்டு அமர்ந்தாள். இம்முறை தன் கண்களே தனக்குச் சாட்சி. கித்துளின் கருகிய இனிப்பும் சாதிக்காயின் உறைப்பும் வறண்ட தொண்டையில் படிய, கரையோர ரயில் இரைந்து கடந்துபோக, யன்னல்கள் அதிர்ந்து மெல்ல மெல்ல ஓய, ஓயாமல் ஒரே ஓர் ஒலி மட்டும் எஞ்சி நின்றது. பீங்கானில் கரண்டி உரசும் ஒலி.

ஓவனுக்குள்ளிருந்து.

ஃபொயில் தாள் மெல்லப் புடைத்தது. அமிழ்ந்தது. மீண்டும் புடைத்தது.

முகத்தைக் கண்ணாடியருகே கொண்டுபோனாள். 

"பாங்கு சொல்லப் போகுது, கொண்டு வா!" என்று மாமியின் குரல் வந்ததும் உரசல் நின்றது.

நிம்றா பாத்திரத்தை எடுத்து மேசையில் வைத்துத் தாளைப் பிரித்தாள். குறையில்லை. ஓரம் முழுமையாக, பளபளப்பாக இருந்தது.

"பாத்தியா ஷிப்லி?" மாமி சிரித்தாள். "காவல் வெச்சா கள்ளி திருந்துவா."

நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது.

மாமி பேரீச்சம்பழத்தை வாயிலிட்டு மென்றாள். முகம் சுளித்தாள். வாய்க்குள் விரல் விட்டுத் தேடினாள். ஒன்றுமில்லை. எதிரே, எதையும் தொடாத நிம்றாவின் நாக்கில் பேரீச்சம்பழம் கரைந்தது.

மாமி தண்ணீரைக் குடித்தாள். கிளாஸ் காலியானது. உதடுகள் நனையவில்லை. நிம்றாவின் தொண்டை குளிர்ந்தது.

"உம்மா, என்ன செய்யுது?" ஷிப்லி எழுந்தான்.

 மாமி வட்டிலப்பத்தில் கரண்டியை இறக்கினாள். நிறைந்து எழுந்தது. உதட்டருகே வெறுமையானது. மீண்டும் நிறைந்தது. மீண்டும் வெறுமை. அவள் விழிகள் வேண்டாமென்று கெஞ்சின, கை நிற்கவில்லை. உதடு வெடித்தது. கன்னம் ஒட்டியது. ஒவ்வொரு கரண்டிக்கும் நிம்றா விழுங்கினாள். வாயைப் பொத்தினாள். விழுங்கினாள்.

பாத்திரம் காலி.

வெறும் பீங்கானில் கரண்டி உரசியது. உரசிக்கொண்டே இருந்தது.

நிம்றாவின் வயிற்றில் பிள்ளை அசைந்தது. ஐந்து மாதத்துச் சிறு அசைவு.

பிறகு, அதன் பக்கத்தில், அதைவிடப் பெரிதாய், இன்னொன்று புரண்டு படுத்தது.