மூடிய குவாரியில் பலாக்கன்று

கம்பம்மெட்டுக்குக் கீழே இருந்த அந்தக் கல்குவாரியை ஒருவழியாக மண் போட்டு மூடியாயிற்று. பள்ளமான மூலையைக் குளமாக விட்டதில் மிளா மான்கள் தண்ணீர் குடிக்க வரத் தொடங்கியிருந்தன. மேட்டில் பலாவும் நெல்லியும், சரிவில் மாட்டுப்புல், குளக்கரையில் பிள்ளைகள் விளையாட இடம் என்று திட்டம். பஞ்சாயத்து அந்த வேலையைப் பெண்கள் குழுவிடம் கொடுத்திருந்தது. மழைக்கு முன்னால் நட்டு முடிக்காவிட்டால் நிலம் பழைய குவாரி முதலாளிக்கே திரும்பிப் போகும்; மறுபடி பாறை உடைப்பார்கள்.

முதல் ஆளாக வந்தவள் ரோசி. அவள் புருஷன் சூசையப்பன் இங்கேதான் வெடி வைத்தார். இங்கேயே புதைந்தும் போனார்.

குவாரியில் ஒரு முறை உண்டு. எத்தனை குழியில் மருந்து அடைத்தார்களோ, அத்தனை வெடிச்சத்தத்தையும் எண்ணுவார்கள். ஒன்று குறைந்தாலும் மறுநாள்வரை யாரும் கீழே இறங்கக் கூடாது. அவர் செத்த அன்று ஒன்று குறைந்தது. ரெண்டு சேர்ந்து வெடித்திருக்கும் என்று சொல்லி, மேற்பார்வை பார்த்த ஜோமோன் அவரை இறக்கிவிட்டான். மிச்சமிருந்தது வெடித்துச் சரிந்த பாறைக்கு அடியிலிருந்து உடம்பைக்கூட எடுக்க முடியவில்லை. பாவி, சாவு வீட்டுக்கும் அவன் வரவில்லை.

நடவு தொடங்கிய அன்று உச்சிவேளையில் மூடுபனி இறங்கியது. காற்றில் கருகிய வெடிமருந்து வாடை.

பிறகு, வெடிக்கு முன்னால் ஊதும் அந்த விசில்.

காலடி மண்ணுக்குள்ளிருந்து. கூடவே ஒரு குரல்.

"வெடி... வெடியே... ஓடிக்கோங்க..."

பெண்கள் மண்வெட்டிகளைப் போட்டுவிட்டுத் தலைதெறிக்க ஓடினார்கள். மறுநாளும் அதே விசில், அதே ஓட்டம். அதற்கு அடுத்த நாள் ரோசியோடு குழுவிலிருந்து முத்துப்பேச்சி மட்டும் வந்து வேலியோரம் நின்றுகொண்டாள்.

"போகாதக்கா. அது சூசையப்பன் அண்ணன் குரலு."

"எனக்குத் தெரியாதாட்டி? அதான் போறேன்."

ரோசி தனியாகக் குழி தோண்டிப் பலாக்கன்றை இறக்கினாள். மண் உப்பி அதை வெளியே தள்ளியது. மறுபடி வைத்தாள். மறுபடி தள்ளியது.

காதோரம் பச்சைத்தண்ணீராய்ச் சில்லிட்ட ஒரு மூச்சு.

"ஓடு ரோசி. ஒண்ணு வெடிக்கல."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதையும் மிஞ்சிக் கோபம் வந்தது.

"ஓட மாட்டேன்! ஒங்கள ஓட விடாத எடத்துல நான் எதுக்கு ஓடணும்? இனிமே இங்க வெடி இல்ல, மரந்தான். கன்னு நேரா நிக்கணும், புடிங்க!"

மண் அடங்கியது. கன்று தானாக நிமிர்ந்தது. வேரைக் கீழிருந்து ஏதோ பற்றியிருப்பது அவளுக்குத் தெரிந்தது. உடம்பெல்லாம் புல்லரிக்க, காலால் மண்ணை மிதித்து இறுக்கினாள்.

விசில் நின்றது. பெண்கள் திரும்பி வந்தார்கள். நடவு முடியும் தறுவாயில், பட்டப்பகலில், பழைய முதலாளி அனுப்பி ஜோமோன் ஒரு ஜேசிபியோடு வந்தான்.

"பேய் இருக்கற எடத்துல என்ன விவசாயம் சேச்சி? தள்ளுங்க."

ஜேசிபியின் பக்கெட் பலாவின் பக்கத்தில் மண்ணைக் குத்தியது. குத்தியது மேலே வரவில்லை. எஞ்சின் கதறியது. பின்சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பின.

ரோசி மண்ணைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"போதுங்க. விட்ருங்க."

பக்கெட் விடுபட்டது. டிரைவரும் ஜோமோனும் வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள்.

பக்கெட்டின் இரும்பில் ஐந்து விரல்களின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. முத்துப்பேச்சி கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு பின்வாங்கினாள்.

ரோசி தன் விரல்களை அந்தத் தடத்தில் பொருத்தினாள்.

எதுவோ அவற்றை இறுகப் பற்றியது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.