முதல் ஓனரின் சீட்

உயிர் பிரிந்தபின் ஆன்மா எங்கே போகிறது என்ற கேள்விக்கு விடை தேடி ஞானிகள் காடு மலையெல்லாம் ஏறினார்கள். தலைமுடி சடையானதுதான் மிச்சம். விடை கிடைத்தது ஒரு பல் டாக்டருக்கு. ஆன்மா டிரைவர் சீட்டுக்குப் போகிறது. இது அவருக்குத் தெரியவந்தபோது வாரண்டியில் முழுசாக இரண்டு வருஷம் பாக்கி இருந்தது.

டாக்டர் கார் பைத்தியம் அல்ல. அவருக்கு இருந்த ஒரே வியாதி சகலை. மனைவியின் அக்காள் கணவர், கட்டடக் கான்ட்ராக்டர், ஆறடி உயரம். போன வருஷம் புத்தம் புதுக் கார் ஒன்று வாங்கினார். அதில் ஏறி இறங்கிய மாமியார், "பெரிய மாப்பிள்ளை வண்டியில உக்காந்தா தூக்கம் தானா வருது" என்றார். டாக்டரின் பழைய வண்டியில் வந்தபோது அவர் தூங்கவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

அன்று டாக்டர் வயிற்றில் பற்றிய நெருப்பு, நாலு வருஷம் ஓடிய ஒரு கறுப்புச் சொகுசுக் காரில் போய் நின்றது. சகலையின் காரைவிட ஒரு சாண் நீளம். கம்பெனியே சோதித்துப் பார்த்து வாரண்டியோடு விற்ற வண்டி. யாராவது "செகண்ட் ஹேண்டா?" என்று கேட்டால் டாக்டர் "சர்ட்டிஃபைடு" என்று திருத்துவார், கேட்டவரின் பல்லில் சொத்தையைக் கண்டுவிட்ட முகத்தோடு.

குடியிருப்பின் அடித்தளத்தில் பார்க்கிங். பட்டப்பகலிலும் அங்கே இருட்டுதான். தூண்களுக்கு நடுவே ஒரு டியூப்லைட், சாவதா பிழைப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தது. முதல் நாள் டாக்டர் அங்கே வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, தோல் மணத்தை மூக்கு நிறைய இழுத்தார். அவர் குள்ளம். சீட்டை எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கியிருந்தார்.

ர்ர்ர்ர்.

சீட் பின்னால் நகர்ந்தது. அவசரமே இல்லாமல், பெரிய மனிதர் ஒருவர் சாவகாசமாகச் சாய்ந்துகொள்வதுபோல. டாக்டரின் கால்கள் பெடலை விட்டு விலகி அந்தரத்தில் ஆடின. பக்கக் கண்ணாடிகள் இரண்டும் மெல்லத் திரும்பி, அவர் தலைக்கு மேலே யாரையோ பார்த்தன.

பிறகு ஒரு மூச்சு.

பிடரியில்.

அதில் சூடு இல்லை.

முப்பது வருஷமாக அடுத்தவர் வாய்க்குள் மூக்கை நீட்டிப் பிழைத்தவர் அவர். வாசனையை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார். கடைவாய்ப் பல்லில் சீழ். ஈறு முழுக்க அழுகல். வெகுநாளாகத் திறக்காத வாய்.

இனி எந்த வைத்தியமும் தேவைப்படாத வாய்.

மறுநாள் சர்வீஸ் சென்டரில் அட்வைசர் புகார்ப் படிவத்தை இரண்டு முறை படித்தார்.

"சீட் தானா நகருதுன்னு எழுதியிருக்கீங்க, சரி சார். பின்னாடி யாரோ மூச்சு விடுறாங்கன்னு போட்டிருக்கீங்களே, ஏசியா?"

"ஏசி இல்லப்பா. வாய்."

"கம்ப்ளெய்ன்ட் எங்க கண்ணு முன்னாடி வரணும் சார். வந்தாத்தான் வாரண்டி. இல்லேன்னா 'குறை காணப்படவில்லை'ன்னு எழுதி அனுப்பிடுவோம்."

அங்கே வண்டி, தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நிற்கும் பிள்ளையாக அடங்கி நின்றது. சீட் அசையவில்லை. மூச்சு வரவில்லை. குறை காணப்படவில்லை. அடுத்த வாரமும் காணப்படவில்லை. மூன்றாவது முறை டாக்டரின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்து மனம் இளகிய அட்வைசர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்க சார். முதல் ஓனர் ஒரு பெரியவர். நல்ல ஒசரம். சீட்டை எவனும் தொடக் கூடாதும்பாரு. அன்னிக்கு வாட்டர் வாஷுக்கு விட்டுட்டு, அதோ அந்த சோபாலதான் காத்திட்டிருந்தாரு. வண்டி ரெடின்னு போய் எழுப்பினேன்."

"எந்திரிச்சாரா?"

"அவர் எந்திரிக்கல சார். வண்டி ஸ்டார்ட் ஆச்சு."

"இதெல்லாம் வாரண்டில வருமா?" என்றார் டாக்டர்.

அட்வைசர் நிஜமாகவே புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "மோட்டார் போனா வரும் சார். ஆளு போனா வராது."

பயத்தைக்கூட டாக்டர் சகித்துக்கொண்டிருப்பார். மரியாதைக் குறைவைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மனைவி ஏறினால் அவள் பக்கத்துச் சீட் கேட்காமலே இதமாகச் சூடானது. காலடியில் பூப்போல ஒரு விளக்கு எரிந்தது. "என்னங்க, எவ்வளவு அக்கறையான வண்டி! இருபது வருஷத்துல நீங்க ஒரு தடவை எனக்குக் கதவைத் திறந்து விட்டிருக்கீங்களா?" என்றாள் அவள். வயிற்றெரிச்சலுக்கு உயிரோடு இருப்பவன், செத்தவன் என்ற பேதம் கிடையாது என்பதை டாக்டர் அன்று கண்டுகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சகலை வந்தார். வண்டியைப் பார்க்க வரவில்லை, சும்மா வந்தேன் என்று சொல்லிக்கொண்டே நேராகப் பார்க்கிங்குக்குப் போனார். டாக்டர் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தார், சகலை பக்கத்தில். மனைவி பின்சீட்டில், டாக்டருக்குப் பின்னால் இல்லாமல் மறுபக்கம் தள்ளி உட்கார்ந்தாள். ஏனென்று கேட்டதற்கு, "அங்க குளிருது" என்றாள்.

ர்ர்ர்ர்.

சகலையின் கண்கள் அகன்றன. "என்ன சகலை, தானா போகுது?"

டாக்டரின் பிடரியில் அந்த மூச்சு விழுந்துகொண்டிருந்தது. கால்கள் அந்தரத்தில் ஆடின. ஆனாலும் அவர் சிரித்தார். "அதுவா? ஃபீச்சர். வண்டி நின்னுட்டா நம்மள ரிலாக்ஸ் பண்ண விடும்."

"என் வண்டியில இது இல்லையே!"

சகலையின் முகம் சுருங்கியது. டாக்டரின் வாழ்க்கையில் அதைவிட இனிப்பான வினாடி வந்ததில்லை. பிணநாற்றத்துக்கு நடுவே உட்கார்ந்து அதைச் சப்புக்கொட்டிச் சுவைத்தார்.

"நான் ஒரு ரவுண்டு ஓட்டட்டுமா சகலை?"

இடம் மாறினார்கள். சகலை உட்கார்ந்தார்.

சீட் அசையவில்லை.

அசைய அவசியம் இருக்கவில்லை. பக்கக் கண்ணாடிகள் சரியாக அவர் கண் மட்டத்துக்கு இருந்தன. டாக்டருக்காக ஒருநாளும் போடாத மெல்லிய ரீங்காரத்தை எஞ்சின் போட்டது. நாற்றம் போன இடம் தெரியவில்லை. தூண்களைச் சுற்றி வழுக்கிக்கொண்டு போன வண்டி, பழைய இடத்துக்கே வந்து நின்றது.

"சகலை, மறுக்கக் கூடாது. என் புது வண்டிய நீங்க எடுத்துக்கங்க. இதை எனக்குக் குடுத்துடுங்க. இன்னிக்கே."

பின்னாலிருந்து மனைவி டாக்டரின் காதருகே கிசுகிசுத்தாள். "மூணு வாரமா நீங்க தூங்கல. அத்தானே கேக்குறாரு. சரின்னு சொல்லித் தொலைங்க."

சரி என்று சொல்லத்தான் டாக்டர் வாயைத் திறந்தார். விட்டது சனியன், அதோடு புது வண்டியும் வருகிறது. திறந்த வாயோடு உள்கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார்.

சகலையின் தோள்மேல் ஒரு கை இருந்தது.

நீளமான விரல்கள். ஒழுங்காக வெட்டிய நகங்கள். மணிக்கட்டுக்கு அப்பால் ஒன்றுமில்லை. சகலைக்கு அது தெரியவில்லை.

கை இரண்டு முறை தட்டிக்கொடுத்தது. ஊர் மெச்சும் மகனை அப்பா தட்டிக்கொடுப்பதுபோல.

டாக்டருக்கு அப்போது பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வயிறுதான் எரிந்தது. மாமியாரிலிருந்து பேய் வரைக்கும் எல்லோருக்கும் இவர்தான் செல்லப்பிள்ளையா? ஏன், நான் என்ன தவிட்டுக்கு வாங்கியவனா?

"முடியாது," என்றார். "இது என் வண்டி."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். சகலை ஏதோ முணுமுணுத்தபடி இறங்கினார். கை மட்டும் இறங்கவில்லை. அவர் எழுந்த இடத்தில், அதே உயரத்தில், காற்றில் நின்றது. பிறகு மெல்ல டாக்டர் பக்கம் திரும்பியது.

கிளிக்.

யாரும் உட்காராத டிரைவர் சீட்டில் பெல்ட் தானாக மாட்டிக்கொண்டது.

டாக்டர் இன்றும் அந்த வண்டியில்தான் கிளினிக்குக்குப் போகிறார். சீட்டோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டார். கால் பிரேக்குக்கு எட்ட வேண்டுமே, அதனால் முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணைகள் வைத்துக்கொள்கிறார். இரவில் பூட்டிவிட்டுப் போகும் வண்டி காலையிலும் பூட்டியபடியேதான் இருக்கிறது; தலையணைகள் மட்டும் வெளியே தரையில் கிடக்கின்றன. அக்கம்பக்கத்தில் யாரும் பார்க்கிறார்களா என்று கவனித்துக் குனிந்து எடுத்து, தூசி தட்டி, மறுபடியும் வைத்துக்கொள்கிறார். ஒன்றில் முயல் படம் போட்டிருக்கிறது.