காலி வண்டியின் பாரம்

படத்தில் வண்டி தாழ்ந்து நின்றது.

விற்பனை விளம்பரத்துக்கு மாரிட் அனுப்பிய பதினான்கு படங்களில் பின்சக்கரப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, பில்லிங்ஸ் நகரிலிருந்து கார்வின் தொலைபேசியில் கேட்டார். பழைய ராணுவ வண்டிகளை வாங்கிச் சீர்செய்து விற்பவர்.

"பாரத்த இறக்கிட்டு எடுத்திருக்கலாம்ல?"

"அது காலி வண்டிங்க."

"யார்கிட்ட கதை விடுற பொண்ணே? காலியா நின்னா ஸ்பிரிங் பட்டை வில்லு மாதிரி வளைஞ்சு நிக்கும். இது பலகை கணக்கா படுத்துக் கெடக்கு. பின்னாடி இருபது ஆளு உக்காந்திருக்கான்."

"பட்டை செத்திருக்கும். துருப்பிடிச்ச வண்டிக்கு ஜாதகமா பாக்குறீங்க? வந்து எடுத்துட்டுப் போங்க."

விலைகூட அவளுக்கு முக்கியமில்லை. அப்பா ஏலத்தில் எடுத்து, சீர்செய்ய முடியாமலே கொட்டகையில் போட்டு வைத்து, போன இலையுதிர்காலத்தில் அதன் ஓட்டுநர் இருக்கையிலேயே செத்தும் போனார். அடக்கம் முடிந்த மறுநாளிலிருந்து அண்ணன் ஹால்வர் அதன் பின்பெட்டியில், படைவீரர்கள் உட்கார்ந்த மரப்பலகையில் போய் உட்கார ஆரம்பித்தான். மாடுகள் தண்ணீருக்குக் கத்தின. தட்டுத் தட்டாகத் தின்றான். நாளுக்கு நாள் இளைத்தான். மருத்துவர் துக்கம் என்றார். தேவாலயச் சபைப் பெண்கள் உருளைக்கிழங்குப் பதார்த்தம் கொண்டுவந்தார்கள். அந்த வீட்டில் கல்லூரியை முடித்த ஒரே ஆளான மாரிட்டுக்கு இரண்டின் மேலும் எரிச்சல்தான் வந்தது. வண்டி தொலைந்தால் அண்ணன் பிழைப்பான். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சனிக்கிழமை மதியம் அவனை இறக்கக் கொட்டகைக்குள் போனாள். பழைய எண்ணெயும் எலிப்புழுக்கையும் நாறும் இடத்தில் அன்று வேறொரு வாடை, மழையில் நனைந்த கம்பளி உடுப்புகள் நெருக்கமான ஓர் அறையில் உலர்வது போன்ற வாடை, தார்ப்பாய்க்குள்ளிருந்து இளஞ்சூடாக வந்து அவள் முகத்தில் பட்டது. பட்டை ஒருமுறை முனகியது, யாரோ உட்கார்ந்த வாக்கில் கால் மாற்றிக்கொண்டது போல.

ஹால்வர் பலகையின் ஓரத்தில் முழங்கால்களை ஒடுக்கி, தோள்களைக் குறுக்கி, கூட்டமான பேருந்தில் இடம் கிடைத்தவனைப் போல உட்கார்ந்திருந்தான். பலகை முழுக்கக் காலி.

"ஏன்டா இப்படி ஒடுங்கி உக்காந்திருக்க? தள்ளி உக்காரேன்."

"எங்க தள்றது?" என்றான்.

சட்டையைப் பிடித்து இழுத்தாள். சுலபமாக வந்தான். மிகவும் சுலபமாக.

கார்வின் வந்து, வண்டியின் மூக்கின் மேல் வைத்தே விற்பனைச் சீட்டை எழுதினார்: உள்ளது உள்ளபடி, உள்ளே இருப்பவை அனைத்தும் சேர்த்து.

"அந்தக் கடைசி வாசகமும் வேணுமா?" என்றாள்.

"நாங்க எல்லாரும் இப்படித்தான் எழுதுவோம். நாளைக்கு, அப்பாவோட சுத்தியல் உள்ள கெடந்துச்சு, திருப்பிக் குடுன்னு அழக் கூடாது பாரு."

"அழுற ஆளு நான் இல்ல." கையெழுத்துப் போட்டாள்.

வண்டியைக் கம்பிவடத்தால் இழுத்தேற்றும் உருளை அலறியது. வண்டி ஏற ஏற, கார்வினின் இழுவண்டி டயர்கள் பிதுங்கின. அவர் பின்பெட்டித் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். அவசரமாக அதை இறக்கிக் கட்டினார். கைகூடக் கொடுக்காமல் கிளம்பிப் போனார்.

சத்தம் ஓய்ந்தது. கொட்டகை காலி. பல மாதங்களுக்குப் பிறகு மாரிட்டுக்கு மூச்சு முழுதாக வந்தது.

"ஹால்வர்! சாப்பிட வா!"

மேய்ச்சல் வெளியின் நடுவில், வண்டி போன திசையைப் பார்த்தபடி நின்றான். அவனை நோக்கி நடந்தாள். இரவில் பெய்த புதுப்பனி, மாவு போன்றது, முழங்கால்வரை உள்ளே இழுத்தது. ஒவ்வோர் அடிக்கும் காலைப் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது.

பாதி வழியில் நின்றாள்.

அவனிடம் போகும் தடம் எதுவும் இல்லை.

அவன் பூட்ஸ்கள் பனியின் மேல் இருந்தன. உள்ளே இல்லை. மேல். கீழே ஒரு கோடுகூட விழவில்லை.

"மாரிட்," என்றான். குரல் மெலிந்திருந்தது. "என்னையும் சேத்துக் குடுத்துட்ட."

வடக்கிலிருந்து காற்று கிளம்பியது. வேலிக்கம்பிகள் விம்மின. ஓடினாள். விழுந்தாள். எழுந்தாள். எட்டி அவன் கையைப் பிடித்தாள்.

கனமே இல்லை.

அவன் கால்கள் பின்னால் எழுந்தன. இடுப்பு உயர்ந்தது. கொடியில் போட்ட துணி போலக் காற்றில் நீண்டு படபடத்தான். கண்கள் மட்டும் அவளை விடவில்லை.

அவள் பிடியில் அவனுடைய கையுறை இருந்தது. விரல் விரலாக, அது கழன்று வந்துகொண்டிருந்தது.